சிரட்டையும் ஷீட்டும்

சஜன் மணி வடகேரளத்தில் ரப்பர் பால் வெட்டும் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் இருந்து வேலை செய்யும் நிகழ்த்துகலைஞர். தன் கறுத்த தலித் உடம்பையே கருவியாக வைத்துக்கொண்டு சாதியையும் கூலியையும் ஊர்விட்டுப் போனதையும் பேசுகிறார். அவரைப் பற்றி எழுத எனக்கிருக்கும் ஒரே தகுதி, நானும் பால் வெட்டுகிறவரின் மகள் என்பதுதான். எங்களுக்குக் குமரி மாவட்டத்து மலையோரம்.

தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பால்வெட்டு அழகாகத்தான் இருக்கும். விடிவதற்கு முன்னாலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கிட்டுப் போகணும். வெயில் ஏறினால் பால் ஓடாது. பட்டையைச் சாய்வாக, நூல் கனத்துக்குச் சீவணும். கத்தி கொஞ்சம் ஆழமா இறங்கிச்சுன்னா மரம் காயப்படும், முதலாளி ஏசுவான். ஒரு நாளைக்கு முந்நூறு மரம். முந்நூறு தடவை குனிந்து நிமிர்ந்து அப்பாவுக்கு மூட்டு போய்விட்டது.

மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவது சிரட்டை. முதலாளி வீட்டு முற்றத்தில் அப்பாவுக்குச் சாயா ஊற்றியதும் சிரட்டையில்தான். சின்ன வயசில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மரத்துக்கும் அவருக்கும் ஒரே பாத்திரம்.

இத்தனைக்கும் ரப்பர் இந்த மண்ணின் மரமே இல்லை. 1876இல் அமேசான் காட்டு விதையை வெள்ளைக்காரன் லண்டனுக்குக் கொண்டுபோனான். அங்கிருந்துதான் நம்ம பக்கத்து மலைகளுக்கெல்லாம் வந்தது. வந்தேறி மரம் நிற்கிற மண்ணுக்குப் பட்டா இருக்கு. அதைத் தலைமுறை தலைமுறையாகக் கீறுகிறவனுக்கு என்ன இருக்கு?

சஜன் மணி 2018இல் தன் அப்பாவின் பாடங்களை மறப்பது பற்றிய ஒரு படைப்பில், குடும்பக் கதையை ரப்பரின் காலனிய வரலாற்றோடு சேர்த்து வைத்தார். பொய்கையில் அப்பச்சனின் (1879-1939) பாட்டுகளையும் மலையாள எழுத்தில் எழுதி எழுதிப் படமாக்குகிறார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்ற கொடுமையை மறக்கவிடாமல் பாடியவர் அப்பச்சன். புலப்பெயர்வு என்றால் விமானம் ஏறுவது மட்டும்தானா? சந்தையில் விற்கப்பட்டவனும் ஊர் பெயர்ந்தவன்தானே.

'உடலை ஊடகமாக்கும் கலை' என்று விமர்சகர்கள் வியக்கிறார்கள். எங்களுக்கு உடம்பை விட்டால் வேறென்ன இருந்தது? பெர்லின் கேலரியில் வந்து நிற்பவர்களில் பால் வெட்டுகிறவர்கள் இருக்கப்போவதில்லை. அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் இங்கே எந்தக் கூடத்தில் எங்களுக்குச் சுவர் கொடுத்தார்கள்?

பின்னால் அவர், காலனிய காலப் புகைப்படங்களில் கிடந்த முகங்களை ரப்பர் ஷீட்டிலேயே அச்சிட்டார். முன்னோரைத் தட்டி எழுப்புவதாக அதற்குத் தலைப்பு. அந்தப் படங்களை அப்பாவுக்குக் காட்டினேன். பெர்லின், கலை எதையும் அவர் கேட்கவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"புகை போட்டு உணக்கினதா மக்ளே, இல்ல சும்மா காத்துலயா?"

"தெரியலப்பா."

"புகை சரியா ஏறலேன்னா மழைக்குப் பூப்பு பிடிக்கும். மொகம் அழிஞ்சு போவும். அந்தப் பிள்ளைகிட்ட சொல்லு."