தெரிந்தே விற்ற வாள்

ஒரு ஜப்பானிய வாளில் வெட்டியிருந்த பெயர் பொய் என்று தெரிந்த பிறகுதான் அதை விற்றேன். வாங்கியவன் என் கண்ணை நம்பி வாங்கினான். என் நோக்கம் கெட்டதல்ல, சந்தர்ப்பம் அப்படி அமைந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த சமாதானங்களை இங்கே எழுதப்போவதில்லை. போட்ட பணத்தை இழக்க மனம் வரவில்லை. ஏமாந்தவன் என்று அறியப்பட அதைவிடவும் மனம் வரவில்லை. என் இழப்பை இன்னொருவன் தலையில் கட்டினேன்.

அந்தப் பெயர் கோட்டெட்சு. 17ஆம் நூற்றாண்டில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், வாழ்ந்த நாகசோனே ஓக்கிசாட்டோ என்ற கொல்லரின் துறவுப் பெயர் அது. முதலில் அவர் போர்க்கவசம் செய்பவர். நடுவயதைத் தாண்டிய பிறகுதான் வாள் அடிக்க வந்தார். அவர் வாள்களின் கூர்மையைச் சோதித்தவர்கள் யமானோ குடும்பத்தார். மரண தண்டனை பெற்றவர்களின் உடல்களை வெட்டிப் பார்த்து, முடிவை வாளின் அடிப்பகுதியிலேயே தங்கத்தால் பதிக்கும் வழக்கம் அப்போது இருந்தது. புகழ் ஏறிய வேகத்திலேயே போலிகளும் பெருகின. கோட்டெட்சு என்று கண்டால் முதலில் போலி என்றே நினைக்க வேண்டும் என்பது வாள் சேகரிப்பவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கை. 1864இல் கியோட்டோவின் இக்கேதயா விடுதியில் நடந்த சண்டையில் ஷின்சென்குமி என்ற வாள்வீரர் படையின் தலைவர் கோன்டோ இசாமி கையில் இருந்தது கோட்டெட்சு என்பார்கள். அதுவும் போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இத்தனையும் தெரிந்த ஒருவன்தான் அந்தப் பெயரை வாங்கினேன்.

நான் டோக்கியோவில் வேலை பார்ப்பவன். உயேனோவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் யாசுட்சுனா அடித்த டோஜிகிரி வாளைப் பார்த்ததிலிருந்து இந்தப் பற்று தொடங்கியது. கண்ணாடிப் பேழைக்கு முன்னால் குனிந்து, விளக்கின் ஒளி எஃகில் படும் கோணம் கிடைக்கும்வரை நகர்ந்து நகர்ந்து பார்த்தால், வாயோரம் நெடுகப் பனி படர்ந்தாற்போல ஒரு வெண்கோடு ஓடுவது தெரியும். அதை ஹமோன் என்பார்கள். வாளுக்குக் களிமண் கலவை பூசும்போது முதுகில் தடிமனாகவும் வாய்ப்பக்கம் மெலிதாகவும் பூசி, தீயில் பழுக்கவைத்து நீரில் தோய்ப்பார்கள். மண் மெலிந்த இடம் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது. தடித்த இடம் மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வோடு நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் அந்தக் கோடு. நம் ஊர்க் கொல்லுப்பட்டறையிலும் தோய்ச்சல் உண்டு. ஆனால் அதன் தடத்தையே அழகாக்கி, ஒவ்வொரு பரம்பரையும் தனக்கென்று ஒரு வடிவம் வளர்த்தது ஜப்பானில்தான். அந்தக் கோட்டுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன். இந்தக் கலையின் மீது எனக்கு இருந்த அன்பு பொய்யில்லை. அதனால்தான் நான் செய்தது இன்னும் மோசம்.

வாளை மதிப்பிடக் கற்றுத்தரும் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன். அங்கே ஒரு முறை உண்டு. கைப்பிடிக்குள் செருகியிருக்கும் அடிப்பகுதிக்கு நகாகோ என்று பெயர். கொல்லர் தன் பெயரை உளியால் வெட்டுவது அதில்தான். அந்த நகாகோவை மறைத்துவிட்டு, வாளை மட்டும் கையில் தருவார்கள். முதலில் கை நீட்டிப் பிடித்து வடிவத்தைப் பார்க்க வேண்டும்: வளைவு எங்கே ஆழமாக விழுகிறது, முனையை நோக்கி எவ்வளவு ஒடுங்குகிறது. அதிலேயே ஏறக்குறைய எந்த நூற்றாண்டு என்று தெரிந்துவிடும். கான்புன் காலத்து வாள், அதாவது 1661 முதல் 1673 வரையிலான ஆண்டுகளில் செய்தது, அதிகம் வளையாமல் முனைப்பக்கம் நன்றாக ஒடுங்கியிருக்கும். அடுத்து எஃகை மடித்து மடித்து அடித்த தடம். அதன் பிறகு ஹமோன். அதில் மணல் மணலாக மின்னும் துகள்கள் இருக்கின்றனவா, அல்லது புகைபோல் மங்கிய விளிம்பா. கடைசியில் முனைக்குள் அந்தக் கோடு எப்படித் திரும்புகிறது என்பது. பார்த்து முடித்ததும் காகிதத்தில் ஒரு கொல்லர் பெயரை எழுதித் தர வேண்டும். சரியாக இருந்தால் 'அட்டாரி'. அவருடைய குருவையோ சீடரையோ எழுதியிருந்தால் 'டோஸென்', சரிக்கு நிகர். காலமே தவறு என்றால் அதையும் சொல்லிவிடுவார்கள்.

பெயரைப் பார்த்து வாளை நம்பாதே, வாளைப் பார்த்துப் பெயரை நம்பு. அந்தப் பயிற்சியின் உயிர் அவ்வளவுதான். அதில் நான் மோசமான மாணவன் இல்லை.

அந்த வாளைப் பார்த்தது ஒரு சிறு நகரத்துப் பழம்பொருள் கடையில். நீளம் குறைந்த வாகிஸாஷி. கடைக்காரர் முதியவர். தனக்கு வாள் தெரியாது என்று அவராகவே சொன்னார். பதிவுச் சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் தனக்குத் தெரியும் என்றார். இந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1945இல் போர் முடிந்தபின் நேச நாட்டுப் படைகள் ஜப்பான் முழுவதும் வாள்களைப் பறிமுதல் செய்தன. கலைப்பொருள் என்று மதிக்கத்தக்கவற்றைக் காப்பாற்ற நடந்த முயற்சிகளின் வழிவந்ததுதான் இன்றைய பதிவு முறை. மாவட்டக் கல்வி வாரியம் தரும் அந்தச் சீட்டில் வாளின் நீளம், வளைவு, ஆணித்துளைகள், நகாகோவில் வெட்டியிருக்கும் எழுத்து எல்லாம் இருக்கும். நம் வண்டிகளின் ஆர்.சி. புத்தகம் போல அது. என்ன இருக்கிறது என்று சொல்லும், அது அசலா என்று சொல்லாது. எழுத்து இருந்தால் எழுத்து இருக்கிறது என்று பதிவார்கள், அவ்வளவே.

சீட்டில் கோட்டெட்சு என்று இருந்தது. கை நீட்டி வடிவத்தைப் பார்ப்பதற்கு முன்பே, மூங்கில் ஆணியைத் தட்டிக் கழற்றி நகாகோவைக் காட்டச் சொன்னேன். கற்ற வரிசையைத் தலைகீழாக்கினேன். பெயரைப் படித்த பிறகு எஃகில் நான் கண்டதெல்லாம் அந்தப் பெயர்தான். ஹமோனில் சீரான வளைவுகள் அடுத்தடுத்து வந்தன. கோட்டெட்சுவின் பிற்கால வாள்களில் ஜெபமாலை மணிகள் போலக் கோடு உருண்டு போகும் என்று படித்திருந்தேன். எனக்கு மணிகள் தெரிந்தன. சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்தேன். அந்த முதியவர் கேட்ட விலை அசல் கோட்டெட்சுவுக்குரியதில் ஒரு சிறு பங்கு. அவருடைய அறியாமையை நான் பயன்படுத்திக்கொள்கிறேன் என்று உள்ளூர மகிழ்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றும் ஆசை அன்றைக்கே என்னிடம் இருந்தது.

வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தபோது, கோட்டெட்சு காலத்து வாளுக்குப் பொருந்தாமல் வளைவு ஆழமாக இருந்தது. கோட்டெட்சுவிடம் எதிர்பார்க்கும் மின்னும் துகள்கள் ஹமோனில் இல்லை. மங்கலான, தூங்கும் விளிம்பு. பூதக்கண்ணாடியை நகாகோவில் வைத்தேன். பழைய நகாகோவில் நூற்றாண்டுகளாகப் படிந்த துரு கரும்பழுப்பாக, இறுகி, வழவழப்பாக இருக்கும். சாணை பிடிப்பவர் வாளை எத்தனை முறை தீட்டினாலும் அதைத் தொடமாட்டார். வாளின் வயதுக்கு அதுதான் சாட்சி. பழைய எழுத்தாக இருந்தால் உளி போன பள்ளத்துக்குள்ளும் அதே துரு இருக்க வேண்டும். என் வாளில் பள்ளத்துக்குள் துருவின் நிறம் வேறு. எழுத்துகளைச் சுற்றி அர வரிகள் தேய்ந்து, அந்த இடம் மட்டும் லேசாகத் தாழ்ந்திருந்தது. யாரோ ஒருவர் முதலில் இருந்த சிறிய கொல்லரின் பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, பெரிய பெயரை வெட்டி, அமிலமோ உப்போ வைத்துத் துருவேற்றியிருக்கிறார். எல்லாம் தெரிந்தது. இருந்தாலும் ஆய்வுக்கு அனுப்பினேன். என் கண் தவறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அனுப்பினேன்.

ஆய்வு என்பது ஜப்பானில் நீண்ட மரபு. ஹொன்னாமி குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாள் மதிப்பிட்டு, மடித்த தாளில் சான்று எழுதித் தந்தது. 1719இல் அப்போதைய ராணுவ ஆட்சியாளரான ஷோகுன் யோஷிமுனேயின் ஆணைப்படி புகழ்பெற்ற வாள்களின் பட்டியலைத் தொகுத்ததும் அவர்கள்தான். இன்று 1948இல் தொடங்கிய கலைவாள் பாதுகாப்புச் சங்கம் உட்படச் சில அமைப்புகள் நிபுணர் குழு வைத்துப் பார்த்துச் சான்றிதழ் தருகின்றன. பெயர்ப்பொறிப்பு போலி என்றால் சான்றிதழ் கிடைக்காது. வாள் திரும்பி வரும். என் வாளும் வந்தது, ஏற்கப்படவில்லை என்ற சீட்டோடு. அந்தச் சீட்டை ஒரு புத்தகத்துக்குள் செருகி, புத்தகத்தை அலமாரியின் பின்வரிசையில் வைத்தேன்.

என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன், கோயம்புத்தூர்க்காரன். என்னால்தான் அவனுக்கு இந்த ஆர்வம் வந்தது. அருங்காட்சியகங்களுக்கு அவனைக் கூட்டிப்போனதும், வால்டர் காம்ப்டன் கதையைச் சொன்னதும் நான்தான். காம்ப்டன் அமெரிக்கர், பெரிய சேகரிப்பாளர். போருக்குப் பின் காணாமல்போன, ககோஷிமாவின் டெருகுனி ஆலயத்துக்குச் சொந்தமான, குனிமுனே என்ற கொல்லரின் வாள் தன்னிடம் இருப்பதை அறிந்ததும், 1963இல் அதை ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். சேகரிப்பவன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று அந்தத் தம்பியிடம் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன்.

வாள் வேண்டும் என்று அவனாகத்தான் கேட்டான். "பேர் இருக்கு. சர்டிபிகேட் இல்ல. நீயே பாத்து முடிவு பண்ணு" என்றேன்.

"நீங்க பாத்துட்டீங்கல்ல அண்ணா, அது போதும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆய்வுக்கு அனுப்பிப் பாத்தீங்களா?" என்றும் கேட்டான்.

"அனுப்பலாம். அதுக்கு நேரம் ஆகும்" என்றேன்.

அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. பொய் சொல்லவில்லை என்று பின்னால் எனக்கு நானே வாதாட வசதியாக, அந்த நொடியில் தேர்ந்தெடுத்துச் சொன்ன வார்த்தைகள் அவை. நான் வாங்கிய விலைக்கே கொடுத்தேன். லாபம் வைக்கவில்லை என்பதை நேர்மையாகக் கணக்கில் வைத்துக்கொண்டேன். போலிப் பெயருள்ள வாளுக்கு அந்த விலை பெறாது என்பதை மட்டும் கணக்கில் வைக்கவில்லை.

சில காலம் கழித்து அவனே ஆய்வுக்கு அனுப்பினான். அதே முடிவு. என் வீட்டுக்கு வந்து, ஏதோ தான் குற்றம் செய்தவன்போலத் தயங்கித் தயங்கி அதைச் சொன்னான். "அந்தக் கடைக்காரன் நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டான் அண்ணா."

"ஆமா" என்றேன்.

இந்த ஒரு சொல்லைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. முன்பு மறைத்தேன். இப்போது வாய் திறந்து பொய் சொன்னேன். தனக்கு வாள் தெரியாது என்று முதலிலேயே சொன்ன ஒரு முதியவரைத் திருடனாக்கினேன்.

அடுத்ததும் நடந்தது. போலிப் பெயரை அழித்துவிட்டால் வாள் பெயரில்லாத வாளாக இருக்கும், பொய் சுமக்காது என்று சிலர் அப்படிச் செய்வதுண்டு. செய்யலாமா என்று என்னிடம் யோசனை கேட்டான். செய்யச் சொன்னேன். அதில் எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும். போலியும் வரலாறுதான். ஷோகுன் ஆட்சியின் கடைசிக் காலத்தில் காஜிஹேய் என்ற கொல்லர் போலிப் பெயர் வெட்டுவதில் தேர்ந்தவர். அவருடைய போலிகளின் படிவங்களை வைத்து இன்றைக்கு ஆய்வாளர்கள் போலிகளை அடையாளம் காண்கிறார்கள். அந்த உளிக்கோடுகளை வைத்து, நம் வாளில் யார் வெட்டியது என்று ஒருநாள் யாராவது சொல்லியிருக்கலாம். முதல் கொல்லரின் அர வரிகள் எங்கேனும் மிச்சம் இருந்திருக்கலாம். ஆனால் பெயர் போய்விட்டால் அதைப் பற்றிய பேச்சும் போய்விடும், என்னிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். கைவினைஞர் ஒருவர் அழித்துக் கொடுத்தார். முந்நூறு ஆண்டுகள் பழைய நகாகோவில் இப்போது நிறம் வெளுத்த ஒரு தழும்பு இருக்கிறது. முதல் கொல்லரின் பெயரை அழித்தவர் யாரென்று தெரியாது. இரண்டாவது முறை அழிக்கவைத்தவன் நான்.

சென்ற ஆண்டு அவனுக்குக் கடிதம் எழுதினேன். வாங்கியது, சந்தேகப்பட்டது, ஆய்வு முடிவு, அவன் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதினேன். பணத்தையும் முழுதாக அனுப்பினேன். வாளைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

பதில் வர நாளாயிற்று. வந்தபோது சுருக்கமாக இருந்தது. அண்ணா என்று தொடங்கவில்லை, திட்டவும் இல்லை. ஏற்கப்படவில்லை என்று முதலில் வந்த சீட்டும், பெயர் அழிவதற்கு முன் நகாகோவைப் படம் எடுத்திருந்தால் அந்தப் படங்களும் வேண்டும் என்று கேட்டிருந்தான். வாளோடு வைக்கப்போகிறானாம். தனக்குப் பிறகு வாங்குபவருக்குத் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தான். சீட்டைப் புத்தகத்திலிருந்து எடுத்து அனுப்பினேன். படங்களையும் அனுப்பினேன். எது தெரிந்திருந்தும் விற்றேன், எதற்காக அழிக்கச் சொன்னேன் என்பதை என் கைப்பட எழுதி, கீழே பெயரும் போட்டுச் சேர்த்தேன்.

அந்தக் கடைக்கு இன்னும் போகவில்லை. முதியவர் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அவரைப் பற்றி நான் சொன்ன பொய் அவர் காதுக்கு எட்டியிருக்காது, அதனால் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது என்று ஒரு குரல் உள்ளே இன்னமும் பேசுகிறது. கடிதம் எழுதுவதற்கு முன்பும் அதே குரல்தான் பேசிக்கொண்டிருந்தது.