பதினொன்றால் வகுத்தால் போதுமா?

மெல்பர்ன்

அன்புள்ள அக்கா,

மாப்பிள்ளை பி.காம். கடைசி செமஸ்டருக்கு வந்துவிட்டான், டேலி வகுப்பில் சேர்க்கவா, எஸ்.ஏ.பி. வகுப்பில் சேர்க்கவா, படித்துவிட்டு இங்கே வந்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். இங்கே சின்னக் கம்பெனிகளில் ஸீரோ, மையோப் என்று வேறு மென்பொருள்கள்தான் ஓடுகின்றன. கணக்கு தெரிந்தவன் எதையும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வான். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலை வேறு இடத்தில்.

இங்கே வரும் நம் பிள்ளைகளில் பலர் மாஸ்டர் ஆஃப் புரொபஷனல் அக்கவுண்டிங் முடித்த கையோடு ‘புரொபஷனல் இயர்’ என்று 44 வாரப் படிப்பில் சேர்கிறார்கள். அதில் 12 வாரம் ஏதாவது ஓர் ஆபீசில் பயிற்சி. நிரந்தர விசாவுக்கு 5 புள்ளி சேரும் என்பதுதான் பெரிய ஈர்ப்பு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யார் தேறுவார்கள், யார் திணறுவார்கள் என்பது அந்தப் பன்னிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும்.

டான்டினாங் பக்கம் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு அப்படி வந்த ஒரு பையனிடம் ஒரு காப்பிக் கடையின் மூன்று மாதக் கணக்கைக் கொடுத்தார்கள். வரித்துறைக்கு பிப்ரவரி 28-க்குள் போக வேண்டிய கணக்கு. இங்கே 2000-ஆம் ஆண்டு ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து ஒரே விகிதம், 10 சதவீதம். வரி சேர்ந்த தொகையைப் பதினொன்றால் வகுத்தால் வரி வந்துவிடும். கடைக்காரர் வாங்கிய சரக்கு 33,000 டாலர். பையன் வகுத்து, சரக்கில் கட்டிய வரி 3,000 டாலர் திரும்ப வர வேண்டும் என்று போட்டான். பேங்க் ஸ்டேட்மெண்டோடு ஒரு காசு பிசகாமல் டேலி ஆனது. முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

எங்கள் சீனியர் யாழ்ப்பாணத்து அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “தம்பி, பால்காரன்ர பில்லைப் பாத்தனீரோ?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஜிஎஸ்டி என்ற இடத்தில் சைபர் இருப்பது தெரிந்திருக்கும். இந்த நாட்டில் பால், ரொட்டி, முட்டை, காய்கறி, இறைச்சி எதற்கும் வரி கிடையாது. காப்பிக்கொட்டைக்குக்கூட இல்லை. அதே கொட்டை காப்பியாகி வாடிக்கையாளர் கைக்குப் போகும்போதுதான் பத்து சதவீதம். 33,000-இல் 13,200 டாலர் இப்படி வரியில்லாத சரக்கு. கடைக்காரர் கட்டாத வரி 1,200 டாலரைத் திருப்பிக் கேட்கப் போயிருந்தோம். இந்த எல்லைக்கோடு லேசுப்பட்டதல்ல. இத்தாலியிலிருந்து வரும் ‘மினி சியாபாட்டே’ என்ற மொறுமொறு பண்டம் ரொட்டியா, பிஸ்கட் வகையைச் சேர்ந்த க்ராக்கரா என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் அப்பீல் வரைக்கும் போனார்கள். 2011-இல் தீர்ப்பு: க்ராக்கர்தான், வரியைக் கட்டு.

டேலி ஆகாத கணக்கென்றால் யாரானாலும் உட்கார்ந்து துருவுவார்கள். டேலி ஆன கணக்கையும் எடுத்து ஒரு பில்லைப் பிரித்துப் பார்க்கிற ஆள்தான் இங்கே கிடைப்பதில்லை. பேங்க் வரவுசெலவை மென்பொருளே இழுத்து வந்து, இது வாடகை, இது கரண்ட் பில் என்று தானே பிரித்தும் வைத்துவிடுகிறது. அது பிரித்தது சரியா என்று கேட்கத்தான் ஆள் எடுக்கிறார்கள்.

கேட்பது என்றால் நம் பிள்ளைகளுக்கு நாக்கு எழுவதில்லை, அக்கா. இதில் நம் வளர்ப்புக்கும் பங்கு உண்டு. புரிந்ததா என்றால் தலையாட்டு, பெரியவர்களை எதிர்த்துக் கேட்காதே என்று சொல்லித்தானே வளர்க்கிறோம்? இங்கே முதலாளியையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது சீக்கிரம் பழகிவிடுகிறது. “எனக்கு இது புரியவில்லை” என்று அவரிடம் சொல்லத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. அதற்குள் ஒரு வேலையை மூன்று நாள் தப்பாகச் செய்து முடித்திருப்பார்கள்.

வாடிக்கையாளரிடம் போனில் பேசுவது அடுத்த கண்டம். தொழிலாளியின் ஓய்வுக்காலத்துக்காக முதலாளி கட்டும் ‘சூப்பர்’ பணம் 2025 ஜூலையிலிருந்து சம்பளத்தில் 12 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம் என்றிருந்ததையும் மாற்றி, 2026 ஜூலை 1 முதல் சம்பளம் போட்ட ஏழு வேலை நாளுக்குள் ஃபண்டில் சேர்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இதை ஆட்கள் வைத்திருக்கும் ஒரு பிளம்பரிடம் சொல்ல வேண்டும். அவர் கூரைமேல் நின்றுகொண்டுதான் போனை எடுப்பார். சட்டப்பிரிவைப் படித்தால் வைத்துவிடுவார். “வியாழக்கிழமை சம்பளம் போடும்போதே இவ்வளவு பணத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள், அதை உங்கள் பணமாக நினைக்காதீர்கள்” என்றால் காது கொடுப்பார். கல்லூரியில் இதற்குப் பேப்பர் கிடையாது.

இன்னொன்று, பெரிய கம்பெனி என்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கை மாப்பிள்ளைக்கு வேண்டாம். கேபிஎம்ஜி ஆஸ்திரேலியாவில் 1,100 பேருக்கு மேல் உள்பயிற்சித் தேர்வுகளில் விடையைக் கொடுத்தும் வாங்கியும் எழுதினார்கள் என்று 2021-இல் அமெரிக்கத் தணிக்கைக் கண்காணிப்பு வாரியம் 4,50,000 அமெரிக்க டாலர் அபராதம் போட்டது. ஆடிட்டர் யார் பக்கமும் சாயக்கூடாது என்ற பாடத்துக்கான தேர்வும் அதில் அடக்கம்! 2025-இல் டெலாய்ட் இங்குள்ள அரசுக்கு 4,40,000 டாலருக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில், இல்லாத ஆய்வுக் கட்டுரைகளும் நீதிபதி சொல்லாத வாசகமும் இருந்தன. ஏஐ-யைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு, பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். எத்தனை பேர் கை மாறி வந்திருக்கும் அந்த அறிக்கை! அடிக்குறிப்புகளில் ஒன்றையாவது யாராவது தேடிப் பார்த்திருக்க வேண்டாமா?

அதனால் நான் சொல்வது இது. சித்தப்பாவின் ஹார்டுவேர் கடைக்கு மாப்பிள்ளையை அனுப்பு. மாதா மாதம் 14-ஆம் தேதி நம்மூர் ஜிஎஸ்டி தளத்தில், சரக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வந்துவிடும், 20-க்குள் 3பி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த இடைவெளியில் கடையிலுள்ள கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக 2பி-யோடு ஒத்துப் பார்க்கட்டும். எந்த பில் அதில் வரவில்லையோ அதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. கடைக்குச் சரக்கு தரும் கோயம்புத்தூர் மோட்டார் ஏஜென்டுக்கு அவனே போன் போட்டு, “சார், உங்க பில் இன்னும் ஏறல” என்று சொல்லி, அவர் சாக்குப்போக்கு சொன்னாலும் விடாமல் ஏற்ற வைக்க வேண்டும். பிறகு, எவ்வளவு பணம் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று சித்தப்பாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும்.

சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு என்றார். கொஞ்சம் கத்துவார். சாக்குமூட்டையில் கிடக்கும் பழைய பில்களையும் இவன் தலையில் கட்டப் பார்ப்பார், அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
தம்பி