அக்காவின் சம்பளச் சீட்டு

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

உதவித்தொகைக்காக வருமானச் சான்று தேவைப்பட்டது. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தார். அப்பா இல்லை, அம்மா வீட்டோடு. "அக்கா புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கிற வேலை பார்க்கிறாள், ஐயா" என்றேன். கதிர்வீச்சுச் சிகிச்சையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"அப்படியா! ஆபத்தான வேலை. நல்ல சம்பளமாக இருக்குமே!" என்றார் அவர். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அக்காவின் சம்பளம் எவ்வளவு என்று அதுநாள்வரை கேட்டதே இல்லை. கல்லூரிக் கட்டணம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அன்றிரவு சம்பளச் சீட்டைக் கொடுத்தாள். மாதம் 18,000 ரூபாய். மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, ஆறாண்டு அனுபவம்!

"ஆபத்துக்கென்று தனிப்படி ஒன்றுமில்லையா?" என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டாள். மார்பில் அணியும் அந்தச் சிறு பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். ஊழியர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. அதன் அருகில்கூட அவள் கணக்கு வந்ததில்லையாம். "ஆபத்து எனக்கில்லைடா தம்பி, படுத்திருப்பவருக்குத்தான்" என்றாள். கதிரின் அளவை டாக்டர் முடிவு செய்கிறார், இயற்பியலாளர் கணக்கிடுகிறார், ஆனால் நாள்தோறும் நோயாளியைக் கிடத்தி, தோலில் இட்ட கோடுகளையும் லேசர் ஒளிக்கோடுகளையும் பொருத்தி, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்துவது அவள். ஓர் அங்குலம் தவறினால் கட்டி தப்பிக்கும், நல்ல திசு வேகும். இந்த ஆறாண்டில் அப்படித் தவறியதில்லை. நடக்காத தவறுக்குச் சம்பளச் சீட்டில் கட்டம் ஏது?

அங்கே இருப்பது கோபால்ட் இயந்திரம். கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அதன் பொருள் அன்றுதான் விளங்கியது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது புதிதாக ஏற்றிய மூலம் இப்போது பாதிக்கும் கீழே வலுவிழந்துவிட்டது. அதே அளவு கதிரைக் கொடுக்க அன்றைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஆகிறது. காலை வரிசை மாலைவரை நீளுகிறது. சம்பளம் நீளவில்லை!

வேறு இடங்களில் என்ன கொடுக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனத்தில் நிரந்தரப் பணி கிடைத்தால், ஏழாவது ஊதியக்குழுவின் ஆறாம் நிலையில் அடிப்படைச் சம்பளமே 35,400 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதற்கு மேல். அதே வேலையைத் தொகுப்பூதியத்தில் செய்பவருக்குப் படிகள் இல்லை. அமெரிக்காவிலோ, 2024 மே மாதக் கணக்கின்படி, இத்தொழிலில் உள்ளோரில் பாதிப்பேர் ஆண்டுக்கு 1,01,990 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். அங்கும் மாநிலத்துக்கு மாநிலம், மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு உண்டு.

"நீயும் வேறு இடம் பார்க்கக் கூடாதா?" என்றேன். கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் ஊருக்கு ஊர் இருக்குமா? எங்கள் பக்கத்தில் இருப்பது அது ஒன்றுதான். இவள் வேலையை விட்டால் அடுத்த இயந்திரம் நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால். இது நிர்வாகத்துக்கும் தெரியும். 2021இல் வந்த சட்டம் இவர்கள் தொழிலைத் தன் பட்டியலில் சேர்த்து, படிப்புக்கும் பதிவுக்கும் வழிசெய்தது. சம்பளத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. "அம்மாவை யார் பார்ப்பார்கள்?" என்று அக்கா கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். என் படிப்பையும் அவள் மனத்தில் வைத்திருந்தாள் என்பது தெரியாதவனில்லை.

மறுநாள் சம்பளச் சீட்டை அலுவலரிடம் நீட்டினேன். அவர் பன்னிரண்டால் பெருக்கி 2,16,000 என்று எழுதினார். பேனாவை மூடாமல், "வேறு படி ஏதாவது உண்டா, தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை, ஐயா. இவ்வளவுதான்."

சீட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பின்புறம் வெறுமையாக இருந்தது.