தனியே நடந்து கண்ட பட்டணம்



நம்மில் அநேகர் ஒரு பட்டணத்துக்குத் தனியாக வந்து இறங்கினவர்கள். கையில் ஒரு பெட்டி, சட்டைப்பையில் உறவினர் ஒருவரின் விலாசம். மொழி தெரியாத மும்பையிலோ டெல்லியிலோ அதிகாலையில் இரயிலை விட்டு இறங்கியபோது நம் உள்ளத்தில் பயமே மேலோங்கி நின்றது. பிழைப்புத் தேடி வந்த இடத்தை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. ஆகவே, அந்நிய பட்டணம் ஒன்றைத் தனியாகச் சுற்றிப் பார்ப்பதில் பெரும் இன்பம் உண்டு என்று நான் எழுதும்போது, உங்களில் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் பொறுமையோடு வாசியுங்கள்.

2024 அக்டோபர் மாதத்தில், ஐரோப்பாவில் ஊழியர் கூடுகை ஒன்றை முடித்துத் திரும்பும் வழியில், துருக்கி தேசத்தின் இஸ்தான்புல் பட்டணத்தில் நான்கு நாட்கள் தங்கினேன். உடன் ஒருவரும் இல்லை. "இந்த வயதில் தனியாக எதற்கு?" என்று என் துணைவியார் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அந்தப் பட்டணமே சிறிது சிறிதாகப் பதில் சொல்லிற்று.

இரு கண்டங்களின் நடுவே

இஸ்தான்புல் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கால்பதித்து நிற்கும் பட்டணம். நடுவே ஓடுகிறது பாஸ்பரஸ் நீரிணை. அதன் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், மிகக் குறுகலான இடத்தில் அகலம் சுமார் 700 மீட்டர். கி.பி. 330-இல் கான்ஸ்டன்டைன் பேரரசன் இதைத் தன் தலைநகராக்கினான். 1453-இல் உதுமானியச் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் இதைக் கைப்பற்றினான். இன்று 1 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் இங்கே வாழுகிறார்கள்.

இத்தனை பெரிய பட்டணத்தைச் சுற்ற எனக்கு உதவியது ஒரு சிறு அட்டை. 'இஸ்தான்புல்கார்ட்' என்னும் அந்த அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால் டிராம், மெட்ரோ, பேருந்து, படகு யாவற்றிலும் ஏறலாம். எமினோனு துறையிலிருந்து ஆசியக் கரைக்குச் செல்லும் படகில் சுமார் இருபது நிமிடப் பிரயாணம். சுற்றுலாப் பயணிகளைவிட அலுவலகம் செல்வோரே அதில் அதிகம். இடை குறுகிய சிறு கண்ணாடிக் குவளைகளில் தேநீரைத் தட்டில் ஏந்தி ஒருவர் வருவார். எள் தூவிய வளைய ரொட்டியாகிய 'சிமித்'தைப் பிய்த்து ஜனங்கள் வீச, கடற்பறவைகள் அதைப் பறந்தபடியே கவ்விக்கொள்ளும். முதல் நாளில் மூன்று முறை அக்கரை சென்று திரும்பினேன். குடும்பத்தோடு சென்றிருந்தால், "பார்த்ததையே ஏன் பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வி எழுந்திருக்கும். தனியாகச் செல்பவனுக்குப் பார்த்ததையே மீண்டும் பார்க்கும் சுதந்தரம் உண்டு.

சுவரில் ஒரு பெயர்

'பரிசுத்த ஞானம்' என்று பொருள்படும் ஹாகியா சோபியாவை ஜஸ்டினியன் பேரரசன் 532-இல் கட்டத் தொடங்கி 537-இல் முடித்தான். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேல் ஆலயமாயிருந்து, 1453-இல் மசூதியாகி, 1935-இல் அருங்காட்சியகமாகி, 2020-இல் மறுபடியும் மசூதியாயிற்று. 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகள் கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்குச் செல்லுகிறார்கள். ஏறத்தாழ 31 மீட்டர் விட்டமுள்ள மாபெரும் குவிமாடம் 55 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் அடியில் வரிசையாய் அமைந்த நாற்பது ஜன்னல்கள் வழியே ஒளி பாய்வதால், குவிமாடம் வெளிச்சத்தின்மேல் மிதப்பதுபோல் தோன்றுகிறது.

வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் வந்த கூட்டங்கள் கிறிஸ்துவின் பொன் நிறச் சித்திரத்தின் முன் படம் எடுத்துவிட்டு விரைந்தன. தென்புற மாடத்தின் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் தேய்ந்த சில கீறல்களை மிகச் சிலரே நோக்கினார்கள். அவை வடதேசத்தாரின் ரூன் எழுத்துகள். பெரும்பாலும் அழிந்துபோனாலும், 'ஹால்ப்தான்' என்ற பெயரை அறிஞர்கள் வாசித்திருக்கிறார்கள். ஸ்காண்டிநேவியாவின் குளிர்ந்த நாடுகளிலிருந்து வந்த வீரர்கள் பேரரசனிடம் கூலிப்படையாகச் சேவித்த காலம் அது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அவர்களில் ஒருவன் மாடத்தில் நின்று தன் பெயரைக் கல்லில் கீறினான் என்று எண்ணப்படுகிறது.

வாசகரே, அவன் யார்? பிழைப்புக்காகத் தூரதேசம் வந்தவன். சுற்றிலும் ஒலித்த கிரேக்க மொழி அவன் தாய்மொழியன்று. "நானும் இங்கே இருந்தேன்" என்று சொல்ல அவனுக்கு ஒரு சுவர் வேண்டியிருந்தது. மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, தகரக் கூரையின்கீழ் படுத்துறங்கும் நம் வாலிபர்களை நினைத்தேன். அரைமணி நேரம் அந்த இடத்தை விட்டு அசைய எனக்கு மனம் வரவில்லை. என்னை அவசரப்படுத்தவும் அங்கே ஒருவரும் இல்லை.

அந்நிய மொழியில் அறிந்த சொற்கள்

ஆசியக் கரையில் இறங்கினால் வருவது காடிகோய். மீன் சந்தையும் புத்தகக் கடைகளும் நிறைந்த இந்தப் பகுதிதான் பண்டைய கல்கேதோன். கி.பி. 451-இல் பேராயர்கள் கூடி, கிறிஸ்து பூரண தேவனும் பூரண மனிதனுமானவர் என்று அறிக்கையிட்டது இங்கேதான். வேதாகமக் கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த ஆண்டு, இப்போது மீன் வாசனையோடும் வியாபாரிகளின் கூவலோடும் என் முன் நின்றது. சங்கம் கூடிய யூபேமியாளின் ஆலயம் இன்று இல்லை. அவள் பெயரைத் தாங்கிய பிற்காலக் கிரேக்க ஆலயம் ஒன்று சந்தையை ஒட்டி நிற்கிறது.

பசித்தபோது, 'லோகாந்தா' எனப்படும் சிற்றுண்டிச்சாலை ஒன்றுக்குள் நுழைந்தேன். சமைத்தவை எல்லாம் கண்ணாடிக்குப் பின்னே வைக்கப்பட்டிருக்கும். விரலால் சுட்டினால் போதும். எலுமிச்சை பிழிந்து உண்ணும் மைசூர்ப் பருப்புச் சூப் நம் பருப்பு ரசத்துக்கு அண்ணன் முறை! அருகில் அமர்ந்திருந்த முதியவர் எனக்கும் சேர்த்துச் 'சாய்' என்றார். அந்த ஒரு சொல்லில் உரையாடல் தொடங்கிற்று. துருக்கியில் உலகம் 'துன்யா', புத்தகம் 'கிதாப்', காற்று 'ஹவா', சோப்பு 'சபுன்', சர்க்கரை 'ஷெக்கெர்'. அரபியும் பாரசீகமும் துருக்கிக்கும் இந்துஸ்தானிக்கும் சொற்களை ஈந்ததின் பலன் இது. வடநாட்டுப் பட்டணங்களில் நாம் தட்டுத்தடுமாறிக் கற்ற இந்தி, இங்கே ஒரு திறவுகோலாயிற்று. நண்பர் ஒருவர் உடனிருந்திருந்தால் நாங்கள் தமிழிலேயே பேசி முடித்திருப்போம். அந்த முதியவரின் முகத்தை நான் ஏறிட்டும் பார்த்திருக்கமாட்டேன்.

தனிமையும் தனித்திருத்தலும்

தனியே செல்வதில் பாரமும் உண்டு. மாலை வேளையில், கலாத்தா பாலத்தின்மேல் தூண்டிலோடு வரிசையாய் நிற்கும் மனிதர்களுக்கு மேலாகச் சூரியன் மறையும்போது, "அங்கே பார்" என்று சொல்ல ஆள் இல்லாத குறை நெஞ்சை அழுத்தும். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் கணவனாக, தகப்பனாக, போதகனாக, பிறருக்குப் பதில் சொல்லியே பழகின ஒருவனுக்கு, பெயரற்றவனாய் நடக்கும் நான்கு நாட்கள் பெரிய இளைப்பாறுதல். அப்போஸ்தலர் நடபடிகளின் 20-ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய துருக்கியின் வடமேற்குக் கரையிலுள்ள துரோவாவிலிருந்து தோழர்கள் கப்பலேற, பவுல் மாத்திரம் ஆசோ வரை தரைவழியைத் தெரிந்துகொண்டார். காரணத்தை லூக்கா எழுதவில்லை. ஆசோவில் அவர் மறுபடியும் தோழர்களோடு சேர்ந்துகொண்டார் என்பதையோ எழுதியிருக்கிறார். தனித்திருப்பது திரும்பிச் சேருவதற்காகவே. என் துணைவியாருக்கு நான் சொன்ன பதிலும் இதுவே.

புறப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாஸ்போர்ட்டின் நகலைத் தனியாக வையுங்கள். தங்கும் விடுதியின் விலாசத்தை உள்ளூர் மொழியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவுதோறும் வீட்டாருக்கு நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரிவியுங்கள். சகோதரிகள் இருட்டுமுன் விடுதி சேருவது நலம். ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள். மீதி நேரத்தைக் கால்களுக்கு விட்டுவிடுங்கள்.

வெளிநாடு செல்ல வசதியில்லையே என்று சொல்லுகிறீர்களா? தாராவியில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் எலிஃபெண்டா செல்லும் படகில் ஏறாதவர்கள் உண்டு. டெல்லியில் வேலை செய்தும் குதுப்மினாரைப் பேருந்து ஜன்னலில் மாத்திரம் கண்டவர்கள் உண்டு. வேலைக்குப் போகும் வழியும் வீட்டுக்குத் திரும்பும் வழியும் ஒரு பட்டணம் ஆகா. விடுமுறை நாள் ஒன்றில், அந்நியனைப்போல் உங்கள் பட்டணத்தில் இறங்கி நடந்து பாருங்கள். பயத்தோடு நுழைந்த அதே தெருக்களில், இம்முறை நிமிர்ந்து பார்த்து நடப்பீர்கள்.