முடியலைங்க

சென்ற ஆண்டு என் மனைவிக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்ததும் தொடைத் தசைக்குப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, சற்றுப் பிடித்து, இறக்க வேண்டும். வேளைக்கு 15 முறை. எண்ணி நோட்டில் எழுதும் வேலை என்னுடையது.

ஒன்பதாவது தடவையிலேயே "முடியலைங்க" என்பாள். "இன்னும் ஆறுதானே, சாக்கு சொல்லாதே" என்பேன். தொலைபேசித் துறையில் 34 வருடம் பழுது பார்த்தவன் நான். லைன் சரியில்லை என்று யார் சொன்னாலும் மீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவேன்.

ஆறு வாரம் கழித்து பிசியோதெரபிஸ்ட்டிடம் போனோம். எங்கள் மகள் வயதுப் பெண். நோட்டைக் காட்டிப் புகார் சொன்னேன். அவர் பதில் பேசாமல் மனைவியின் தொடையில் ஸ்டிக்கர்களை ஒட்டிக் கம்பிகளை மாட்டினார். கணுக்காலைப் பட்டையால் நாற்காலியோடு கட்டினார். "அம்மா, பாதி பலத்தோட முன்னால தள்ளிக்கிட்டே இருங்க" என்றார்.

தசை வேலை செய்யும்போது எழும் மின் சமிக்ஞையைக் காட்டும் ஈ.எம்.ஜி. கருவி அது. கால் அசையவில்லை. தள்ளும் விசையும் மாறவில்லை. ஆனால் சமிக்ஞையின் அதிர்வெண் 70 ஹெர்ட்ஸில் தொடங்கி, 40 வினாடியில் 52க்கு இறங்கிவிட்டது. அலையின் உயரமோ ஏறிக்கொண்டே போனது.

"தசை களைச்சா இழைகள்ல மின் அலை ஓடுற வேகம் குறையும் சார். அதான் அதிர்வெண் இறங்குது. அதே விசையைக் கொடுக்க இன்னும் நிறைய இழைகள் வேலைக்கு வரணும். அதான் உயரம் ஏறுது. வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது" என்றார்.

இடது காலிலும் அதே 40 வினாடி வைத்துப் பார்த்தார். 71லிருந்து 65தான்.

மனைவி திரையைப் பார்த்தபடியே, "இதைத்தானே ஆறு வாரமா சொல்றேன்" என்றாள்.

பிறகு இதைப் பற்றிப் படித்தேன். இத்தாலியில் தூரின் நகரத்து உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மோஸ்ஸோ, நடுவிரலால் திரும்பத் திரும்ப எடையைத் தூக்கவைத்து, களைப்பு கூடக்கூடத் தூக்கும் உயரம் குறைவதைக் காகிதத்தில் கோடுகளாகப் பதிந்தார். 1891இல் களைப்பைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் குன்னர் போர்க் வேறு வழி கண்டார். உழைப்பவரையே கேட்பது. 6 என்றால் சிரமமே இல்லை, 20 என்றால் இதற்குமேல் இயலாது.

பிசியோதெரபிஸ்ட்டும் இந்த அளவுகோலைத்தான் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். 15 வந்தால் நிறுத்தி ஓய்வு.

41 வருடத் தாம்பத்தியத்தில் எத்தனை "முடியலைங்க" கேட்டிருப்பேன்! என் தம்பி கல்யாணத்தின்போது காய்ச்சலோடு 30 பேருக்குச் சமைத்தாள். அன்றும் அவள் சொன்னாள். நான் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது ஒவ்வொரு தடவைக்கும் "எவ்வளவு?" என்று கேட்கிறேன். நேற்று பன்னிரண்டாவது தடவையில் "பதினஞ்சு" என்றாள். நோட்டில் 12 என்று எழுதிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.