இறங்கக் கற்றல்

இளமையிற் கற்றுக்கொள்ளும் கலைகளுட் சில, ஒருமுறை கைவந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் மறவாதவை என்பர். நீந்துதலும் துவிச்சக்கரவண்டி ஓட்டுதலும் அவ்வகையின. இக்கூற்று உண்மையே. ஆயினும், மறவாமை எப்போதும் நன்மையாகவே அமைந்துவிடுவதில்லை என்பதை, முப்பத்தாறாவது வயதில் மீண்டும் சைக்கிள் பழக நேர்ந்த விரிவுரையாளர் ஒருவரின் அநுபவம் உணர்த்துகின்றது.

அவர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைச் சேர்ந்தவர். தொழில் நிமித்தம் அலவத்துகொடையில் வாடகை வீடொன்றிற் குடியிருந்தார். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை ஆகிய ஊர்களைக் கடந்து மாத்தளை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த ஊர் அது. குன்றுகளின் இடுக்கில் வளைந்து செல்லும் அவ்வீதி, ஊரைத் தாண்டியதும் பலகடுவை ஏற்றத்தை அடைகின்றது. ஒடுங்கிய பாதை, ஓயாத பஸ்கள், அவற்றின் இடைவெளிகளில் நுழைந்தோடும் முச்சக்கர வண்டிகள். இவ்வீதியே ஏ-9 என்னும் எண்ணுடன் தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி எனத் தொடர்ந்து யாழ்ப்பாணத்திற் சென்று முடிகின்றது. தம் வீட்டுப் படலையைத் திறந்து வலப்புறம் திரும்பினால் பேராதனை, இடப்புறம் திரும்பினால் பிறந்த ஊர் என்று அவர் நண்பர்களிடம் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

2022ஆம் ஆண்டு நாட்டில் ஏற்பட்ட எரிபொருள் நெருக்கடி பலரையும் மறந்துபோன வாகனத்திடம் திரும்ப அனுப்பியது. அவ்வாண்டு யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறர்க்கு எரிபொருள் வழங்குவது யூலை 10 வரை நிறுத்தப்பட்டது. எரிபொருள் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டன, பஸ்கள் குறைந்தன, சைக்கிள்களின் விலை ஏறியது. அந்நாள்களில் அவரும் யப்பானிலிருந்து வந்த பழைய பந்தயச் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதனுடன் ஒரு சோடிச் சப்பாத்தும் கிடைத்தது. சைக்கிளின் பெடல்கள் அவர் அதுவரை கண்டறியாதவையாக இருந்தன. கால் வைத்து மிதிப்பதற்குரிய அகன்ற தளம் அவற்றில் இல்லை. சிறிய இரும்புப் பொறி மட்டுமே இருந்தது.

‘கிளிப்லெஸ் பெடல்’ என வழங்கும் இதன் பெயர் புதியவரை மயக்குவது. ‘கிளிப் அற்றது’ என்னும் பொருள்தரும் பெயரைக் கொண்டிருந்தும், காலை இறுகப் பிணைப்பதே இதன் தொழில். முன்னாளிற் பந்தய வீரர்கள் பெடலின் முன்புறத்தில் ஒரு கூட்டைப் பொருத்தி, அதனுள் பாதத்தை நுழைத்துத் தோல்வாரினால் இறுக்கிக்கொள்வர். அக்கூடே ‘கிளிப்’ எனப்பட்டது. கூடும் வாரும் இன்றிக் காலைப் பிணைக்கும் பெடல் வந்தபோது, இல்லாத பொருளின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இவ்வெண்ணம் புதியதன்று, 1895இலேயே அமெரிக்காவில் இதற்கு ஆக்கவுரிமை பெற்றவர் உண்டு. எனினும், பனிச்சறுக்குச் சப்பாத்துக்களைப் பலகையோடு பிணைக்கும் பொறிகளைச் செய்துவந்த பிரான்சு நாட்டு ‘லுக்’ நிறுவனம் 1984இல் வெளியிட்ட பெடலே பந்தய உலகில் இதனை நிலைநாட்டிற்று. அடுத்த ஆண்டு அதனைப் பயன்படுத்தி பெர்னார் இனோ டூர் டி பிரான்ஸ் போட்டியில் ஐந்தாம் முறையாக வெற்றி பெற்றார். 1990இல் யப்பானிய ‘ஷிமானோ’ நிறுவனம், சப்பாத்தின் அடிக்குழியினுள் மறைந்திருக்கும் சிறு தகட்டுடன் கூடிய வகையொன்றை அறிமுகப்படுத்தியது. அதனை அணிந்து நடக்கவும் இயலும். விரிவுரையாளருக்குக் கிடைத்தது அவ்வகையினதே.

இதன் இயக்கம் எளிமையானது. தகட்டின் முன்முனையைப் பெடலிற் கொழுவி, பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தினால், விற்சுருளுடன் கூடிய பின்கவ்வி ‘டக்’ என்ற ஒலியுடன் பற்றிக்கொள்ளும். விடுவிப்பதற்குக் குதிக்காலை வெளிப்புறமாகத் திருப்புதல் வேண்டும். மேல்நோக்கி எவ்வளவு இழுத்தாலும் கால் வாராது. மேலிழுப்பைத் தாங்குவதற்கென்றே அப்பொறி அமைக்கப்பட்டுள்ளது. இவை அனைத்தையும் அவர் படித்தறிந்திருந்தார். படித்தறிந்ததை ஐந்து நிமிடத்திற் பிறருக்கு விளக்கவும் அவரால் முடிந்திருக்கும்.

முதல் நாள் மாலை வீட்டின் முன்னால் ஓட்டிப் பார்த்தார். இரு கால்களும் பூட்டிக்கொண்டன. வண்டி இலேசாக ஓடியது. படலையடியில் நிறுத்தியபோது இடக்காலை நிலத்தில் ஊன்ற எண்ணி மேலே தூக்கினார். கால் அசையவில்லை. மீண்டும் பலங்கொண்டு தூக்கினார். ஓடும்போது தன்னை நிமிர்த்திக்கொள்ளும் சைக்கிள் நின்றபின் யாரையும் தாங்குவதில்லை. வெட்டப்பட்ட வாழைபோல அவர் வண்டியோடு சரிந்தார். முழங்கையிற் சிராய்ப்பு, அயல் வீட்டுச் சிறுவரின் சிரிப்பு. சேதம் அவ்வளவே.

இரண்டாவது வீழ்ச்சி அத்தகையதன்று. நான்கு நாள்களின் பின்னர், தமக்குப் பழகிவிட்டது என்ற நம்பிக்கையுடன் அவர் வீதியில் இறங்கினார். சந்தியில் பஸ் ஒன்று ஆட்களை இறக்க நின்றது. அதனை விலத்த வலப்புறம் ஒதுங்கியவர், எதிரே முச்சக்கர வண்டி வரக் கண்டு பிறேக்கை அழுத்தினார். இடக்காலை மட்டும் முறைப்படி விடுவித்தார்; உடலோ வலப்புறம் சாய்ந்துவிட்டது. வலக்கால் பூட்டியபடியே இருந்தது. வீதியின் நடுவில் விழுந்தவருக்கு இரண்டு முழத் தொலைவில், பின்னால் வந்த வான் ஒன்று ஓசையெழ நின்றது. வானின் சாரதி சற்றே கவனம் பிசகியிருப்பின் இக்கட்டுரைக்கு வேறொரு முடிவு நேர்ந்திருக்கும்.

முச்சக்கர வண்டியை ஓட்டிவந்த சிங்கள இளைஞரும், தேநீர்க்கடையிலிருந்து ஓடிவந்த முஸ்லிம் பெரியவர் ஒருவரும் அவரைத் தூக்கினர். அவரோடு சைக்கிளும் எழுந்தது. பெரியவர் காலையும் பெடலையும் மாறிமாறிப் பார்த்தார். “காலக் கட்டிப்போட்டுக்கிட்டு இந்தப் பாதையில ஓடலாமா தம்பி?” என்றார். அக்கேள்விக்கு அவரிடம் அப்போது விடை இருக்கவில்லை.

கல்வி உளவியலாளர் ‘எதிர்மறைக் கற்றல் இடமாற்றம்’ என ஒன்றைக் குறிப்பிடுவர். முன்னர் நன்கு கற்ற ஒன்று, பின்னர் கற்கும் வேறொன்றுக்குத் தடையாதல் என்பது அதன் பொருள். அவரது கால் மேல்நோக்கி எழுந்தமைக்கு அறியாமை காரணமன்று. முப்பது ஆண்டுப் பயிற்சியே காரணம். அப்பயிற்சியின் தன்மையை அறிய அவர் சைக்கிள் பழகிய காலத்தையும் நோக்குதல் வேண்டும்.

1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய சில வாகனங்கள் தவிர, ஊரைச் சுமந்தவை சைக்கிள்களே. விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் கரியரிலே சென்றன. மின்சாரம் இல்லாத இரவுகளில் சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். அக்காலத்தில், இருக்கைக்கு எட்டாத வயதில், தந்தையாரின் றலி சைக்கிளின் பாருக்குக் கீழாற் காலை நுழைத்து மிதித்துப் பழகியவர் அவர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இரவில், ஒன்பது வயதுச் சிறுவனாய் மூட்டைகளிடையே கரியரில் அமர்ந்திருந்தார். மழை பெய்தது. சன நெரிசலில் ஓட்டுவதற்கு இடமேது? தந்தையார் சைக்கிளை உருட்டியே சென்றார். “காலைத் தொங்கப்போட்டிரு, நான் சொன்ன உடனை குதி” என்று இடையிடையே கூறிக்கொண்டார். ஊர் திரும்பிய பின்னர் சோதனைச்சாவடிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் தொலைவிலேயே இறங்கி, வண்டியை உருட்டி நடத்தல் வேண்டும். இறங்கத் தாமதித்தவனின் நோக்கம் ஐயத்துக்குரியதாகும்.

எந்தக் கணத்திலும் கால் நிலத்தைத் தொடுதல் வேண்டும் என்பதே அவ்வுடல் கற்ற பாடம். ஆபத்தின் நிழல் விழுந்ததும், அறிவைக் கேளாமலே கால் எழும். அவ்வெழுச்சியையே இப்புதிய பெடல் தடுத்தது. சந்தியில் வீழ்ந்த அன்றிரவு முழங்காலுக்கு மருந்திட்டபோதுதான் அவருக்கு இது விளங்கிற்று. பெடலைக் கழற்றிவிட்டு அகன்ற பெடலைப் பொருத்திக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். அதில் இழுக்கேதும் இல்லை. நகர் வீதியில் ஓடுபவருக்கு இப்பூட்டு இன்றியமையாததுமன்று. காலை மேலிழுப்பதாற் பெருவலிமை பிறக்கும் என்ற நம்பிக்கையும் மிகையானது. உந்துவிசையின் பெரும்பகுதி கீழ்நோக்கிய மிதிப்பிலேயே தோன்றுகின்றது. மேடு பள்ளங்களில் பாதம் நழுவாதிருத்தலும், விரைவாக மிதிக்கையில் கால் தன்னிடத்தில் நிற்றலுமே இதன் மெய்யான பயன்கள். ஆயினும் அவர் பெடலைக் கழற்றவில்லை. அச்சம் கற்பித்த ஒன்றை அச்சமின்றி ஒருமுறை கற்றுப் பார்க்க விரும்பினார் போலும்.

இம்முறை வீதிக்குச் செல்லவில்லை. முதலிற் பெடலிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்தினார். கவ்வியின் இறுக்கத்தைக் குறைப்பது அது. புதியவர் முதலிற் செய்யவேண்டியதும் அதுவே. தகட்டைப் பெருவிரலின் அடிமூட்டுக்கு நேராக அமைத்தார். அது பிழைத்தால் முழங்கால் நோகும். பின்னர் சுவரிற் கைபிடித்து, ஓடாத வண்டியில் அமர்ந்து, இடக்காலைப் பூட்டுவதும் விடுவிப்பதுமாக நூறு முறை. வலக்காலை நூறு முறை. அடுத்த நாள் புற்றரையில் ஒற்றைக்காலை மட்டும் பூட்டி ஓடினார். நிறுத்துமிடத்திற்கு இருபது முழம் முன்னரே குதிக்காலைத் திருப்புதல், பாதத்தை விடுவித்த பின்னரே பிறேக்கை அழுத்துதல், விடுவித்த காலின் பக்கமே உடலைச் சாய்த்தல் என்பவற்றை ஒழுங்காகப் பயின்றார். இடப்பக்கமாக வாகனம் செலுத்தும் நம் நாட்டில் இடக்காலை விடுவித்தலே தகும். சாய்ந்தாலும் வீதியோரத்திற் சாயலாம். இரு வாரங்கள் இவ்வாறு கழிந்தன.

ஆவணி மாதத்தில் தந்தையார் மகனைக் காண வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் வந்து அலவத்துகொடைச் சந்தியிலே இறங்கினார். அன்று மாலை சைக்கிளைச் சுற்றிவந்து பெடலைத் தடவிப் பார்த்தவரிடம் மகன் அதன் இயக்கத்தை விளக்கினார். வீழ்ந்ததைக் கூறவில்லை, ஆறாத முழங்காலே அதனைக் கூறிற்று.

“முதல் என்ன பழகினனி?” என்று தந்தையார் கேட்டார்.

“விழுந்தாப் பிறகு, கழட்டப் பழகினன் ஐயா.”

“அதைத்தானே உனக்கு அப்பவும் சொன்னனான். ஏற ஆரும் ஏறலாம். முதல் இறங்கப் பழகு எண்டு.”

மகனுக்கு அது நினைவுக்கு வந்தது. பாருக்குக் கீழால் மிதிக்கத் தொடங்குமுன், ஒரு வாரம் முழுவதும் வண்டியைச் சாய்த்துப் பிடிக்கவும் அதிலிருந்து குதிக்கவும் மட்டுமே தந்தையார் கற்பித்திருந்தார். குதித்த வகையை உடல் மறவாது வைத்திருந்தது. முன்கூட்டியே இறங்க ஆயத்தமாதல் என்னும் பாடத்தின் உட்பொருளையோ அவர் மறந்திருந்தார். பழைய பயிற்சி தடையாயிற்று என்று எண்ணியிருந்தவர், அப்பயிற்சியின் தொடக்கப் பாடமே தம்மைக் காத்தது என்பதை அன்று அறிந்தார்.

மறுநாட் காலை இருவரும் சந்திக்குச் சென்றனர். தந்தையார் நடந்தார், மகன் மெதுவாக ஓட்டினார். தேநீர்க்கடைக்குச் சற்று முன்னால் அவரது குதிக்கால் தானாகவே திரும்பியது. இடக்கால் நிலத்தைத் தொட்டபின்னரே அவர் அதனை உணர்ந்தார். கடைவாசலில் நின்ற பெரியவர் காலைப் பார்த்தார். பின்னர் முகத்தைப் பார்த்தார். இரண்டு பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டு, தந்தையாருக்கு வாங்கிலில் இடம் ஒதுக்கினார்.