பத்துக்கு எவ்வளவு?

அக்டோபர் 22

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை முறுக்குச் சட்டி சரிந்தது. அம்மாவின் வலது கையிலும் தொடையிலும் கொதிக்கிற எண்ணெய். பண்டிகை தீக்காய வார்டிலேயே கழிந்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறார்கள். சலைனில் ஊறப்போட்டும் துணி சதையைப் பிய்த்துக்கொண்டுதான் வருகிறது. சிஸ்டர் சின்னப் பெண். "பத்துக்கு எவ்வளவு வலிக்குதும்மா?" என்று கேட்டாள். "நாலு." கேஸ் ஷீட்டில் நாலு ஏறியது. அம்மாவின் கால்விரல்கள் விரிப்பைக் கவ்விக்கொண்டிருந்தன.

அக்டோபர் 24

இன்றும் நாலு.

அக்டோபர் 26

"பத்துன்னா எது பாப்பா?" என்று அம்மாவே கேட்டாள். "நீங்க நினைச்சுப் பார்க்கிறதுலயே மோசமான வலிம்மா." கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி நாலு.

சாயங்காலம் சண்டை போட்டேன். எண் கூடினால் கட்டுப் பிரிக்குமுன் வலி ஊசி போடுவார்கள், நாலுக்கு மாத்திரைதான் என்றேன். "ஊசி போட்டா இன்னும் நாலு நாள் வெச்சுக்குவாங்க. அதுவுமில்லாம பத்தை இப்பவே செலவழிச்சுட்டா, பெருசா வரும்போது என்னத்தைச் சொல்றது?" சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போகவில்லை.

அக்டோபர் 28

பக்கத்துக் கட்டிலில் வெந்நீர் கொட்டிய இரண்டு வயதுக் குழந்தை. அதனிடம் யாரும் எண் கேட்பதில்லை. முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டுக் கூட்டுகிறார்கள். மொத்தம் 10. இன்று அதற்கு ஏழு. அந்தக் கணக்கை மனசுக்குள் அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு வந்தது.

ராத்திரி போனில் படித்தேன். 1980கள் வரைக்கும் பல இடங்களில் பிறந்த குழந்தைகளுக்கு மயக்க மருந்து பேருக்குக் கொடுத்தோ, கொடுக்காமலோ அறுவை செய்திருக்கிறார்கள். பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கை. 1987இல் ஆனந்தும் ஹிக்கியும் எழுதிய கட்டுரை அதை அசைத்தது. அழுகை காதில் விழாமலா இருந்திருக்கும்?

அக்டோபர் 29

தூக்கமில்லை. லீவும் தீர்கிறது.

நவம்பர் 1

டொராண்டோவில் ரெடெல்மையரும் கானமனும் செய்த ஆய்வு ஒன்று. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்போது, நிமிஷத்துக்கு ஒருமுறை நோயாளிகளிடம் வலி எவ்வளவு என்று கேட்டார்கள். 1996இல் முடிவு வந்தது: பிற்பாடு நினைவில் நின்றது உச்சத்தில் இருந்த வலியும் கடைசியில் இருந்த வலியும்தான். எவ்வளவு நேரம் நடந்தது என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. 2003இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 682 பேரில் பாதிப்பேருக்கு, முடிந்த பிறகும் குழாயின் நுனியைச் சற்று நேரம் அசைக்காமல் உள்ளேயே விட்டுவைத்தார்கள். நேரம் நீண்டும், அவர்கள் நினைவில் வலி குறைவாகவே இருந்தது.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தொடையை முதலில் முடித்துவிட்டு, வலி குறைந்த கையைக் கடைசியில் கட்டலாமே என்று சிஸ்டரிடம் கேட்டேன். தொடையில் சீழ் இருக்கிறது. சுத்தமான புண்ணை முதலில் கட்டுவதுதான் முறை என்றாள். அவள் சொல்வதும் நியாயம். முடிந்ததும் ஃபிளாஸ்க் காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். என்னால் ஆன நல்ல முடிவு.

சாயங்காலம் கேட்டேன். "எட்டு," என்றாள் அம்மா.

"காலையில நாலுன்னியே?"

"அந்தப் பொண்ணு வேலைக்குப் புதுசுடி. கை நடுங்குது, பாக்கலையா?"

நவம்பர் 3

டாக்டர் உள்தொடையில் ஊசிமுனையால் குத்திக் குத்திக் கேட்டார். "ஒண்ணுமே தெரியல டாக்டர். பூஜ்யம்!" பரீட்சையில் தேறியவள்போல வார்டையே ஒரு சுற்றுப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. வராந்தாவுக்கு வந்து என்னிடம் சொன்னார்: அந்த இடத்தில் தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டது, நரம்பு நுனிகளும் போய்விட்டன, தோல் ஒட்டத்தான் வேண்டும்.

உள்ளே அம்மா குழந்தையின் தாயிடம் தன் பூஜ்யத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 4

இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 6

நேற்றுச் சொன்னேன். தோலை மற்ற தொடையிலிருந்து எடுப்பார்கள், ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும் என்றும் சொன்னேன். "நல்லாயிருக்குற காலுக்கு ஏன் இந்தத் தண்டனை?" என்று கேட்டாள். என்னிடம் பதிலில்லை.

இன்று காலை சர்க்கரை 260. ஆபரேஷன் தள்ளிப்போயிற்று, புதுத் தேதி சொல்லவில்லை. ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்தவள் கேன்டீன் இட்லியைக் குறை சொல்லிக்கொண்டே ஐந்து சாப்பிட்டாள். நாளை கட்டு மாற்ற வேறு சிஸ்டர், மூத்தவர். அவரிடம் எவ்வளவு என்று சொல்லப்போகிறாய் என்றேன்.

"ஆளைப் பாத்துட்டுச் சொல்றேன்."